ஊர்வலத்தை மறித்தவர்கள்

ரொறன்ரோவின் யங் வீதியில் ஒவ்வொரு கோடையிலும் போகிற, தன்பாலீர்ப்பாளரின் பிரைட் ஊர்வலத்தை இன்று முதன்முதலாகப் பார்க்கிற ஒருவரிடம், இது பொலிசை எதிர்த்துத் தொடங்கிய ஊர்வலம் என்று சொன்னால் நம்பமாட்டார். வங்கிக்காரர்களின் அலங்கார வாகனம் போகும். தொலைபேசிக் கம்பனியின் பலூன் போகும். அமைச்சர்கள் கையசைத்துக்கொண்டு நடப்பார்கள். நீர்த்துப்பாக்கியோடு ஓடும் பிள்ளைகளை அம்மாமார் பின்னாலேயே துரத்துவார்கள். கூட்டம் பத்து லட்சத்தைத் தாண்டும் என்பது ஏற்பாட்டாளர்களின் கணக்கு. ஸ்காபரோவிலிருந்து சப்வே ஏறிப்போய் வேடிக்கை பார்க்கிற தமிழ்க் குடும்பங்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. வேடிக்கை பார்க்கப் போனதாகத்தான் சொல்வார்கள்.

1981 பெப்ரவரி 5, வியாழக்கிழமை இரவு. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பொலிசார் நகரின் நடுவில், தன்பாலீர்ப்பு ஆண்கள் கூடுகிற நான்கு குளியல் விடுதிகளுக்குள் ஒரே நேரத்தில் புகுந்தார்கள். நடவடிக்கைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஒப்பரேஷன் சோப்’. சம்மட்டியும் கடப்பாரையும் கொண்டு கதவுகளையும் சுவர்களையும் உடைத்தார்கள். இடுப்பில் துவாயோடு நின்ற ஆண்களை வரிசையாக நிறுத்திப் பெயர் எழுதினார்கள். ஏறத்தாழ முந்நூறு பேர் கைதானார்கள். பெரும்பாலான வழக்குகள் பிறகு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஆனால் வீட்டிலும் வேலையிடத்திலும் பெயர் தெரிந்துவிட்டவனுக்கு அந்தத் தீர்ப்பால் என்ன பயன்?

மறுநாள் இரவு யங் வீதியும் வெல்லஸ்லி வீதியும் சந்திக்கிற இடத்தில் மூவாயிரம் பேர் கூடினார்கள். 52ஆம் பிரிவுப் பொலிஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். அங்கிருந்து மாகாண சட்டமன்றத்துக்குப் போனார்கள். அந்தக் கோபம் ஆறாமல் இருந்து, அதே ஆண்டு ஜூன் 28ஆம் தேதி கிரேஞ்ச் பூங்காவில் ஒரு பகல் விழாவாக மாறியது. வந்தவர்கள் சுமார் 1,500 பேர். பூங்காவுக்குப் பக்கத்திலேயே அந்த 52ஆம் பிரிவு நிலையம். அனுசரணையாளர் எவரும் கிடையாது. நகரசபையின் வாழ்த்தும் இல்லை. பிரைட் நாளை நகரசபை முறைப்படி அறிவிக்க 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேயர் ஒருவர் ஊர்வலத்தில் நடந்தது 1995இல். அவர் பார்பரா ஹோல். தன்பாலீர்ப்பாளர் வட்டாரமான சேர்ச் வீதியில் இன்று அவர் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது.

இந்தக் கதையை ரொறன்ரோவில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லும்போது பலர் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. குளியல் விடுதிகளுக்குள் பொலிஸ் புகுவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு, 1979 ஆகஸ்ட் 26ஆம் தேதி, அதே நகரப் பொலிசார் ஜமேக்காவிலிருந்து வந்த அல்பேர்ட் ஜோன்சனை அவருடைய வீட்டுக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். வழக்கு நடந்தது, சுட்ட பொலிசார் விடுவிக்கப்பட்டார்கள். கறுப்பின மக்கள் வீதிக்கு வந்தார்கள். சிறுபான்மையினரோடு பொலிஸ் நடந்துகொள்ளும் விதம் பற்றிக் கர்தினால் கார்ட்டர் ஓர் அறிக்கை எழுதினார். 1981இல் தன்பாலீர்ப்பாளரோடு பொலிஸ் நடந்துகொள்ளும் விதம் பற்றி ஆர்னல்ட் புரூனர் இன்னோர் அறிக்கை எழுதினார். இரண்டுக்கும் பிரதிவாதி ஒரே பொலிஸ். ஆனாலும் கறுப்பினத்தவரின் துயரம் ஒரு கோப்பிலும், தன்பாலீர்ப்பாளரின் துயரம் வேறு கோப்பிலும் போனது. இரண்டு துயரமும் ஒரே உடம்பில் இருக்கக்கூடும் என்பதை எந்தக் கோப்பும் எண்ணிப் பார்க்கவில்லை.

அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். மதுச்சாலைக்குப் போனால் தோலின் நிறம் முதலில் தெரியும். ஊர்ச் சங்கத்துக்குப் போனால் மற்றது தெரிந்துவிடும். ஆகவே தங்களுக்கென்று சிறு சிறு குழுக்களை வைத்துக்கொண்டார்கள். 1980இல் ‘கே ஏசியன்ஸ் ரொறன்ரோ’ வந்தது. 1984இல் கறுப்பினத் தன்பாலீர்ப்பாளர்களின் ‘சாமி’. கடவுள் பெயர் அல்ல. கரிபியன் தீவுப் பேச்சில், ஒன்றாக வாழ்கிற பெண்களைக் குறிக்கும் சொல். 1987இல் தென்னாசிய ஆண்களின் ‘குஷ்’. யாரோ ஒருவருடைய வீட்டு வரவேற்பறைதான் இவற்றின் அலுவலகம். குஷ்காரர்கள் 1988இல் ‘சலாம் ரொறன்ரோ’ என்று ஒரு நாள் விழா நடத்தினார்கள். அது வளர்ந்து ‘தேஷ் பர்தேஷ்’ என்ற கலைவிழாவாகி 2001 வரை நடந்தது. எயிட்ஸ் நோய் பரவியபோது தென்னாசியருக்கு அவர்கள் மொழிகளில் பேச ஆள் இல்லை என்று கண்டு, அதே வட்டாரம் தொடங்கியதுதான் தென்னாசியருக்கான எயிட்ஸ் தடுப்பு அமைப்பு. தமிழிலும் அங்கே வேலை நடந்தது. எங்கள் பொங்கல் விழா மலர்களில் அவர்களைப் பற்றி ஒரு வரி பார்த்த நினைவு எனக்கு இல்லை.

ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’ நாவல் 1994இல் வந்தது. 1983 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கொழும்பிலிருந்து கனடாவுக்கு வந்தவர் அவர். அந்த நாவலின் பையன் வீட்டுக்குள் தவறான பையன். வீட்டுக்கு வெளியே, எரிகிற நகரத்தில், தவறான இனம். இரண்டையும் ஒரே குழந்தைமேல் ஏற்றிக் காட்டிய புத்தகம் அது. வெள்ளைக்கார விமர்சகர்கள் கொண்டாடினார்கள், பரிசுகள் வந்தன. தமிழர்களில் பலர் கலவரத்தைப் பற்றிய பகுதிகளைப் பாராட்டிவிட்டு மிச்சத்தைப் பற்றிப் பேச்சை மாற்றினார்கள். பாதிப் புத்தகத்தைச் சொந்தம் கொண்டாடுவதில் நாங்கள் கெட்டிக்காரர்கள்.

தொண்ணூறுகளில் ஊர்வலம் பெருத்தது. பியர் கம்பனிகள் வந்தன. தொண்ணூறுகளின் கடைசியில் கறுப்பினத் தன்பாலீர்ப்பாளர்களும் திருநங்கைகளும் சேர்ந்து ‘பிளொக்கோராமா’ என்ற தங்கள் மேடையை அமைத்தார்கள். இடம், வெல்லஸ்லி சப்வே நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு வாகனத் தரிப்பிடம். சூடேறிய தார்த்தரை, பெரிய ஒலிபெருக்கிகள், கரிபியன் இசை, மடிப்புக் கதிரை கொண்டுவந்து உட்கார்ந்திருக்கும் வயதான பெண்கள். சப்வேயில் வந்து இறங்குகிற எவருக்கும் அந்த இசைதான் முதலில் கேட்கும். அதுதான் அதன் அருமை. பிறகு அந்த இடம் பறிபோனது. வேறு வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டது. இடம் சிறுத்தது, நிதியும் போதவில்லை என்று அதை நடத்தியவர்கள் ஆண்டுதோறும் முறையிட்டார்கள். தென்னாசியர் மேடை ஒன்றும் இருந்தது. அது இல்லாமலே போனது.

2016 ஜூலை 3ஆம் தேதிக்கு இந்தப் பின்னணி வேண்டும். இல்லாவிட்டால் அன்று நடந்தது வெறும் குழப்படியாகத் தெரியும்.

அந்த ஆண்டு ஊர்வலத்தின் கௌரவ விருந்தினர், ‘பிளாக் லைவ்ஸ் மாட்டர்’ இயக்கத்தின் ரொறன்ரோக் கிளை. அந்த வசந்தத்தில் அவர்கள் கொலேஜ் வீதிப் பொலிஸ் தலைமையகத்தின் வாசலில் கூடாரம் அடித்து இரண்டு வாரம் கிடந்தவர்கள். தென் சூடானிலிருந்து வந்த ஆண்ட்ரூ லோக்குவை 2015 ஜூலையில் பொலிஸ் சுட்டுக் கொன்றதும், சுட்டவர்மேல் குற்றச்சாட்டு இல்லை என்று முடிவானதும் அதற்குக் காரணம். 2016 ஜூனில் பொலிஸ் தலைவர் மார்க் சோண்டர்ஸ் 1981ஆம் ஆண்டுக் கைதுகளுக்காக வருத்தம் தெரிவித்திருந்தார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் தவிர்த்ததைப் பலர் கவனித்தார்கள். சோண்டர்ஸ் நகரின் முதல் கறுப்பினப் பொலிஸ் தலைவர். ஊர்வலத்தில் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ நடந்தார். பதவியில் இருக்கும் கனடியப் பிரதமர் ஒருவர் அங்கே நடந்தது அதுவே முதல் தடவை. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த ஒரு பிற்பகல்.

யங் வீதியும் கொலேஜ் வீதியும் சந்திக்கிற இடத்தில் கௌரவ விருந்தினர்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பின்னால் வந்த எல்லா வாகனங்களும் நின்றன. ஏறத்தாழ அரைமணி நேரம். கையில் ஒரு பட்டியல். வெளியே பேசப்பட்டது பொலிஸ் வாகனங்களும் பொலிஸ் கூடங்களும் வேண்டாம் என்ற ஒன்று மட்டுமே. பட்டியலில் அது கடைசிக்கு அருகில் இருந்தது. மற்றவை பெரும்பாலும் மேடை, காசு, வேலை சம்பந்தப்பட்டவை: பிளொக்கோராமாவுக்கு நிதியை இரட்டிப்பாக்கு; கறுப்பின இளையோருக்கு இடம் கொடு; காது கேளாதோருக்குக் கறுப்பினச் சைகைமொழிப் பெயர்ப்பாளர்களை வை; வேலைக்கு ஆள் எடுக்கும்போது கறுப்பினத் திருநங்கைகளையும் பூர்வகுடிகளையும் நினை; தென்னாசியர் மேடையைத் திருப்பிக் கொடு.

தென்னாசியர் மேடை பற்றிய அந்த வரியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எங்களுடைய மேடையைக் கேட்டு வீதியில் உட்கார்ந்தது கறுப்பினப் பிள்ளைகள். நாங்கள் கேட்கவில்லை.

பிரைட் ரொறன்ரோவின் நிர்வாக இயக்குநர் வீதியிலேயே கையெழுத்துப் போட்டார்; ஊர்வலம் நகர்ந்தது. மறுநாள் அவரே, ஊர்வலத்தை நகர்த்தத்தான் கையெழுத்திட்டதாகச் சொன்னார். நகரம் கொதித்தது. கொண்டாட்டத்தைக் கெடுத்துவிட்டார்கள், பிணைக்கைதியாகப் பிடித்துவிட்டார்கள், விருந்துக்குக் கூப்பிட்டால் இப்படியா என்றெல்லாம் வானொலியில் திட்டினார்கள். திட்டியவர்களில் தமிழரும் இருந்தார்கள். இதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 2009 மே 10ஆம் தேதி மாலை, முள்ளிவாய்க்காலில் சனம் செத்துக்கொண்டிருந்தபோது நாங்கள் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி உட்கார்ந்தோம். அன்று இந்த நகரம் எங்களைத் திட்டிய வார்த்தைகளை அப்படியே எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, 2016இல் பாவித்தார்கள். வீதியை மறிப்பவன் வேறு வழி எல்லாம் அடைபட்ட பிறகுதான் மறிக்கிறான் என்று ரொறன்ரோவில் யாருக்காவது தெரியும் என்றால் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பட்டியல் வென்றது. 2017 ஜனவரியில் பிரைட் ரொறன்ரோவின் உறுப்பினர்கள் வாக்களித்து அந்தக் கோரிக்கைகளை ஏற்றுக்கொண்டார்கள். பொலிஸ் வாகனம் இல்லாத ஊர்வலம் அந்தக் கோடையில் போனது. கறுப்பினத்தவர் வீம்புக்குப் பொலிசைத் தள்ளிவைத்ததாகச் சொன்னவர்களுக்கு அப்போது தெரியாத ஒன்று, சேர்ச் வீதியிலேயே நடந்துகொண்டிருந்தது.

2010 செப்டம்பரில் சேர்ச் வீதி வட்டாரத்தில் எல்லோருக்கும் பழக்கமான ஓர் ஈழத்தமிழர் காணாமல் போனார். தொண்ணூறுகளில் அகதியாக வந்தவர். நண்பர்கள் தேடினார்கள், நோட்டீஸ் ஒட்டினார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆப்கானிஸ்தானில் பிறந்த இருவர் காணாமல் போனார்கள். 2012 நவம்பரில் பொலிஸ் ஒரு விசாரணைக் குழு அமைத்தது. 2014 ஏப்ரலில் எதுவும் கண்டுபிடிக்காமல் மூடியது. ஆட்கள் காணாமல் போவது நிற்கவில்லை. 2017இல் பிரைட் ஊர்வலத்துக்கு மறுநாள், பலராலும் அறியப்பட்ட ஒரு வெள்ளைக்காரர் காணாமல் போனார். அப்போதுதான் அடுத்த குழு வந்தது. டிசம்பரில்கூடத் தொடர்கொலைகாரன் என்பதற்குச் சான்று இல்லை என்றார் பொலிஸ் தலைவர். 2018 ஜனவரி 18ஆம் தேதி புரூஸ் மக்ஆர்தர் என்ற தோட்ட வேலைக்காரர் கைது செய்யப்பட்டார். எட்டுப் பேரைக் கொன்றதாக 2019இல் ஒப்புக்கொண்டார். எட்டில் பெரும்பாலோர் தென்னாசிய, மத்திய கிழக்குப் பின்னணியினர். இருவர் ஈழத்தமிழர்.

கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் நீதிமன்ற ஆவணங்களில் இருக்கின்றன. இங்கே எழுதவில்லை, சிலர் வீட்டுக்குத் தெரியாத வாழ்க்கை வாழ்ந்தவர்கள். அந்த இரண்டாவது தமிழரைப் பற்றி மட்டும் இரண்டு வரி. 2010 ஆகஸ்டில் 492 பேரோடு வந்த ‘எம்.வி. சன் சீ’ கப்பலில் வந்தவர். அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. சேர்ச் வீதியோடு அவருக்குத் தொடர்பு இருந்ததாகத் தெரியவில்லை. அவர் காணவில்லை என்று எவரும் பொலிசில் முறையிடவே இல்லை. நாடுகடத்தலுக்குப் பயந்து ஒளிந்திருப்பார் என்று தெரிந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஒளிந்திருப்பது அவ்வளவு இயல்பான காரியமாக இருந்த ஒரு மனிதனை யார் தேடப் போகிறார்கள்?

1981இல் கூப்பிடாத இடத்துக்குக் கடப்பாரையோடு வந்த பொலிஸ், 2010க்குப் பிறகு கூப்பிட்டும் வரவில்லை. எனக்கு அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசமும் ஒற்றுமையும் இதில்தான் தெரிகிறது. ஊர்வலத்தில் எத்தனை வங்கி நடந்தது என்பதில் அல்ல.

வெளியாரின் விசாரணை வேண்டும் என்று உரத்துக் கேட்டவர்களில் ஒருவர் ஹரன் விஜயநாதன். தமிழர், தென்னாசியர் எயிட்ஸ் தடுப்பு அமைப்பின் அப்போதைய நிர்வாக இயக்குநர். 2018 பிரைட் ஊர்வலத்தைத் தலைமை தாங்கி நடத்தும் கௌரவம் அவருக்குக் கிடைத்தது. அந்த ஆண்டும் ஊர்வலத்தில் சேரப் பொலிஸ் விண்ணப்பித்திருந்தது. திரும்பப் பெறுங்கள் என்று சமூக அமைப்புகள் எழுதிக் கேட்ட பிறகு அப்படியே செய்தது. அவர் கேட்ட வெளி விசாரணையை நடத்திய நீதிபதி குளோரியா எப்ஸ்டீனின் அறிக்கை 2021 ஏப்ரலில் வந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல், 151 பரிந்துரைகள். காணாமல் போனவர்கள் யார் என்பதைப் பொறுத்தே தேடுதலின் தீவிரம் மாறியிருக்கிறது என்பது அதன் சாரம். அதே அறிக்கையில் வீடற்ற ஒரு திருநங்கையின் கதையும் வருகிறது. பள்ளத்தாக்கில் கிடந்த அவருடைய உடல் யாருடையது என்று தெரியவே மாதங்கள் எடுத்தன. புரூனர் அறிக்கைக்கும் இதற்கும் இடையே நாற்பது ஆண்டு.

ஒரு மாற்றத்தை மறைக்கக்கூடாது. இப்போது இரண்டு கோப்புகளும் ஒன்றாகிவிட்டன. 2019 ஜனவரியில் பொலிசை மீண்டும் ஊர்வலத்தில் சேர்ப்பதா என்று பிரைட் உறுப்பினர்கள் வாக்களித்தபோது வேண்டாம் என்றவர்கள் 163, சேர்க்கலாம் என்றவர்கள் 161. இரண்டே வாக்கு. இதை வெற்றி என்று மார்தட்டுவது கஷ்டம், பாதிப்பேர் மறுபக்கம். ஆனாலும் பொலிசும் நிறமும் என்ற கேள்வி வெளியாருடைய பிரச்சினையாக இல்லாமல் அந்த மண்டபத்துக்குள்ளேயே எண்ணப்பட்டது. 2022 ஜூனில் பொலிஸ் தன் சொந்தத் தரவையே வெளியிட்டது: பொலிஸ் நடவடிக்கைக்கு உள்ளானவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு, சனத்தொகையில் அவர்களுடைய பங்கைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அப்போதைய பொலிஸ் தலைவர் ஜேம்ஸ் ரேமர் இந்த முறை மன்னிப்பு என்ற சொல்லைச் சொன்னார். அந்தச் செய்தியாளர் கூட்டத்திலேயே எழுந்து அதை ஏற்கமாட்டோம் என்று சொன்ன பெவர்லி பெயின், கறுப்பினத்தவர், பேராசிரியை, பிரைட்டில் பொலிஸ் வேண்டாம் என்ற கூட்டணியைச் சேர்ந்தவர். கறுப்பினக் குறையைச் சொல்ல ஒருவர், தன்பாலீர்ப்பாளர் குறையைச் சொல்ல இன்னொருவர் என்று இரண்டு பேரை அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

எங்கள் ஆக்களிடம் மாற்றம் இவ்வளவு துலக்கமாக இல்லை. பிள்ளை சொன்ன பிறகு அழுது, பிறகு சோறு போட்டு, பிறகு அந்தப் பிள்ளையின் துணைக்கும் சேர்த்துக் கறி கட்டிக் கொடுக்கிற அம்மாமார் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இருக்கிறார்கள். அதே அம்மா கலியாண வீட்டில் யாராவது கேட்டால், படிக்கிறான் என்பார். பையனுக்கு வயது முப்பத்தைந்து.

2024இல் ஊர்வலம் மறுபடி மறிக்கப்பட்டது. பலஸ்தீன ஆதரவாளர்கள் குறுக்கே நின்றார்கள். மிச்ச ஊர்வலம் கைவிடப்பட்டது. வழக்கமான வசைகள் வந்தன. அடுத்த ஆண்டு வேறு விதமான மறியல், இம்முறை சத்தமில்லாமல். அமெரிக்காவில் காற்று திசைமாறியதும் கூகுள், ஹோம் டிப்போ, நிசான் போன்ற அனுசரணையாளர்கள் விலகினார்கள். சுமார் 9 லட்சம் டொலர் துண்டு விழுந்ததாகப் பிரைட் ரொறன்ரோ சொன்னது. வங்கியும் பியரும் இல்லாத கிரேஞ்ச் பூங்காக் காலமே நல்லது, போனால் போகட்டும் என்கிறார்கள் சில பழைய போராளிகள். எனக்கும் அந்த ஆசை எட்டிப் பார்க்கிறதுதான். ஆனால் 2016இல் வீதியில் உட்கார்ந்து வாங்கிய பட்டியலில் பெரும்பகுதி காசு சம்பந்தப்பட்டது. சைகைமொழிப் பெயர்ப்பாளருக்குச் சம்பளம், பிளொக்கோராமாவுக்கு ஒலிபெருக்கி வாடகை, தென்னாசியர் மேடைக்குக் கூடாரம். வரவு குறைந்த வீட்டில் எந்தச் செலவை முதலில் வெட்டுவார்கள் என்பதைத்தான் இனிவரும் ஜூன் மாதங்களில் பார்க்க வேண்டும்.